கிணற்றுக்கு வைத்த சாட்சி

ரஜிதன் கண்ணாடித் தொட்டியை மோட்டார்சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வந்த அன்று உருத்திரபுரம் முழுக்கச் சோளகக் காற்று புழுதியை அள்ளி அடித்துக்கொண்டிருந்தது. தொட்டியைச் சுற்றி உரச்சாக்குகள், அதற்கு மேல் ஒரு கம்பளி. கிளிநொச்சிச் சந்தையடியிலிருந்து வீடுவரை பள்ளம் கண்ட இடமெல்லாம் இறங்கி உருட்டித்தான் வந்திருக்க வேண்டும். சேட்டு முதுகோடு ஒட்டிப்போய்க் கிடந்தது. நெல் மூட்டையைப் பின்னால் போட்டுக்கொண்டு பறக்கிற மனிதன் அவன். படலைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கூப்பாடு போட்டான்.

"சுதா! ஓடியா, ஓடியா! பிடி!"

சுதாஜினி குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன இது, கம்பளியாலை போத்து மூடி? பிள்ளைத்தாச்சியையே ஏத்திக்கொண்டு வாறியள்?"

"விசர்க்கதை கதையாமல் அந்த மூலையைப் பிடி. வெடிச்சுதெண்டால் வித்த முன்ஸிர் திருப்பி எடுக்கமாட்டான்."

இறால் வளர்க்கப் போகிறார்கள் என்ற கதை அதற்கு முதலே ஊருக்குள் போய்விட்டது. சிரிக்காதவர்கள் குறைவு. வன்னியில் இறால் என்றால் நந்திக்கடலில் பிடித்து, சந்தைக்கு வந்து, முருங்கைக்காயோடு சட்டிக்குள் போவது. அதைக் கண்ணாடிக்குள் விட்டுச் சாப்பாடு போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதென்றால்? அதுவும் விரல் நகமளவு இறாலை? ஒரு சொதிக்கும் காணாதே என்று வாய்க்கால் கட்டில் குந்தியிருந்தவர்கள் நக்கலடித்தார்கள். ரஜிதனும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டுத்தான் வந்தான். உள் சங்கதி அவர்களுக்குத் தெரியாது.

ஆனி மாதத்தில் கால் வீங்குகிறது என்று கிளினிக்குக்குப் போன சுதாஜினிக்கு இரத்தம் எடுத்துப் பார்த்த டொக்டர், கிட்னி கொஞ்சம் களைத்துப்போயிருக்கிறது என்றார். "பயப்பிட ஒண்டுமில்லை, தொடக்கம்தான். ஆனால் குடிக்கிற தண்ணியைக் கவனியுங்கோ அம்மா. வயல் மருந்து ஊறுற கிணறெண்டால் வேண்டாம்." பயப்பட ஒன்றுமில்லை என்று டொக்டர்மார் சொன்னால்தான் எங்கள் சனத்துக்குப் பயம் பிடிக்கும். அந்த வாய்க்கால் வழியில் கிட்னி வருத்தத்தில் படுத்தவர்கள் எவரும் எழும்பி நடந்ததை அவள் கண்டதில்லை.

கிணற்றை விடவும் அவளுக்கு மனமில்லை. அவளுடைய தகப்பன் வீரையா அல்வாயிலிருந்து குடியேறி வந்த வருசம், ஆளும் பேருமாக இறங்கி வெட்டிய கிணறு அது. சுற்றுவட்டாரத்தில் எங்கே தோண்டினாலும் சவர்த் தண்ணீர். இது மட்டும் இளநீர். சண்டை முடிந்து மீளக்குடியேறி வந்தபோது, கூரை போட முதல் அவர்கள் இறைத்ததே கிணற்றைத்தான். வீடும் கிணறும் அதை ஒட்டிய ஒரு துண்டு வயலும் அவளுக்குச் சீதனமாக வந்தவை. பக்கத்து வீட்டுப் பத்மாசனி காலையும் மாலையும் குடத்தோடு வருவாள். அவள் வீட்டு உலையும் தேத்தண்ணியும் இந்தக் கிணறுதான்.

பிரச்சினை அந்தத் துண்டு வயலில் இருந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய வயல் பள்ளம், அங்கே அடிக்கிற மருந்து இங்கே வராது. ஆனால் கிணத்தடித் துண்டு மேடு. அதன் தண்ணீர் கிணற்றுக் கட்டோடுதான் ஊறும். கிளினிக்கால் வந்து பஸ்ஸை விட்டு இறங்கி வாய்க்கால் கட்டால் நடக்கும்போதே ரஜிதன் சொல்லிவிட்டான்.

"கிணத்தடித் துண்டுக்கு இனி ஒரு சொட்டு மருந்து விழாது. உன்ரை தலையாணை."

"என்ரை தலையை ஏன் இழுக்கிறியள்? உங்கடை தலையிலை அடியுங்கோ."

அவன் தன் தலையில் ஓங்கி ஒன்று போட்டான். வழியில் வந்த ஒரு சைக்கிள்காரன் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான். அவள் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

இறால் வந்தது முன்ஸிரால். முல்லைத்தீவுப் பெடியன், சின்ன லொறியொன்றில் கண்ணாடித் தொட்டிகளும் வண்ண மீன்களுமாகச் சந்தைக்கு வருவான். அவனிடம் சும்மா புதினம் பார்க்கப் போனவளுக்கு அவன் சிவப்பு இறாலைக் காட்டினான். பாசியில் தொங்கிக்கொண்டு முன்காலால் எதையோ கிள்ளிக் கிள்ளி வாயில் வைத்துக்கொண்டிருந்தன. மருதாணி வைத்த விரல் நுனி போல ஒவ்வொன்றும்.

"வடிவுதான் அக்கா, ஆனா சரியான நொய்யல். தண்ணியில ஒரு துளி பூச்சி மருந்து கலந்தாலும் மீன் தாங்கும், இது தாங்காது. ஒரு நாள்ல முடிஞ்சிரும்."

விற்கிறவன் சொல்லக்கூடாத கதை அது. ஆனால் சுதாஜினி அந்தக் கதையைத்தான் விலை கொடுத்து வாங்கினாள். கிணற்றுத் தண்ணீரை விட்டு அதற்குள் இதை விட்டால்? இறால் நின்றால் தண்ணீர் நல்லம். ஆய்வுகூடத்துக்குப் போத்தலில் கொடுத்துவிட்டு அவர்கள் சொல்வதற்குக் காத்திருக்கத் தேவையில்லை, விடிய எழும்பித் தன் கண்ணாலேயே பார்க்கலாம். சொன்னபோது ரஜிதன் அவளை ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு, "கெட்டிக்காரி" என்றான்.

தொட்டி வைத்த அந்த மாதம் இரண்டு பேருக்கும் கலியாணம் கட்டின புதிது போல இருந்தது. விறாந்தையில் வெயில் படாத மூலை பார்த்து, தகப்பன் காலத்து மேசையை இழுத்துப் போட்டு, ஆட்டம் நிற்கக் காலுக்கு ஓட்டுத்துண்டு வைத்தான். கனகராயன் ஆற்று மணலைச் சாக்கில் கொண்டுவந்தான். அவள் அதைத் தண்ணீர் தெளிகிற வரை அரிசி களைவது போலக் களைந்தாள். சவர்க்காரம் பட்ட கை உள்ளே போகக்கூடாது என்று முன்ஸிர் சொன்னதால், இரண்டு பேரும் புளியாலும் சாம்பலாலும் கை கழுவினார்கள். ஒரு பாலை வேரை அவித்துச் சாயம் போக்கி நடுவில் வைத்தாள். குளத்துப் பாசியில் ஒரு பிடி. ஒரு மூலையில் காற்று ஊதுகிற பம்பும் அதன் நுனியில் பஞ்சும். பிறகு கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளி, மணல் கலங்காமல் உள்ளே வைத்த ஒரு பீங்கான் தட்டில் மெதுவாக ஊற்றினாள்.

உடனே இறாலை விட முன்ஸிர் சம்மதிக்கவில்லை. பாசி பிடித்துத் தொட்டி பழுக்க வேணுமாம். வெறும் தண்ணீருக்குப் பம்பு ஊதிக்கொண்டு நாள்கள் போயின. கண்ணாடியில் பச்சை படர்ந்தது.

"என்ன சுதா, தண்ணியைத்தானோ வளக்கிறியள்?" என்று பத்மாசனி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்ப்பாள். "எனக்கும் ஒரு போத்தல் தாவன், நானும் வளக்கிறன்."

"சிரியுங்கோ அக்கா, சிரியுங்கோ. உங்கடை உயிருக்கும் சேத்துத்தான் வைச்சிருக்கிறன்."

கடைசியில் ஒரு நாள் இறால் பையில் வந்தது. ரஜிதன் பார்மசியில் வாங்கிய சேலைன் குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பைக்குள் விட்டான். இறால் புதுத் தண்ணீருக்குப் பழக வேண்டும். பின்னேரம் முழுக்க இரண்டு பேரும் நிலத்தில் குந்தியிருந்து அந்தச் சொட்டைப் பார்த்தார்கள். அடுத்த நாள் காலை எல்லாம் உயிரோடு பாலை வேரில் மேய்ந்தன. அன்றைக்கு அவள் கிணற்றுத் தண்ணீரை ஒரு செம்பு நிறைய அள்ளி, நின்ற நிலையில், மூச்சு விடாமல் குடித்தாள்.

மழை வந்தது. காலபோக நெல் விதைத்தார்கள். ஒரு காலை தொட்டியின் அடியில் வெறும் கோது கிடந்ததைக் கண்டு அவள் குளறி எழுப்ப, ரஜிதன் சாரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். அது சாவில்லை, இறால் சட்டை மாற்றியிருக்கிறது என்று முன்ஸிர் போனில் சிரித்தான். கார்த்திகையில் ஒரு பெண் இறாலின் வயிற்றில் மஞ்சளாக முட்டை. பிறகு பாசிக்குள் ஊசி முனையளவில் குஞ்சுகள். பிள்ளை இல்லாத வீடு அது. அந்தக் குஞ்சுகளைப் பார்க்கக் கூப்பிடாத ஆள் ஊரில் இல்லை. வருகிறவர்களை அவள் சும்மா விடமாட்டாள், கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி கொடுத்துத்தான் அனுப்புவாள்.

மார்கழியில் வானம் மூடிக்கிடந்தது. மழையுமில்லை, வெயிலுமில்லை. அந்த மந்தாரத்தில் பயிரை உறிஞ்சுகிற அறக்கொட்டிப் பூச்சி இறங்கியது. பச்சையாக நின்ற பயிர் வட்டம் வட்டமாக எரிந்து கருகியது. முதுகில் மருந்தடி மெஷினோடு ஊர் முழுக்க வயலுக்குள் நின்றது. காற்றே கைத்தது.

"கிணத்தடித் துண்டிலை எப்பிடி?" என்று அவள் கேட்டாள்.

"அங்கை இல்லை. வேப்பெண்ணெய் அடிச்சனான், அதுக்குக் கிட்ட வரேல்லை."

உண்மையிலேயே அந்தத் துண்டு பச்சையாகத்தான் நின்றது. ஊர் வந்து வரம்பில் நின்று பார்த்தது. மருந்தில்லாமல் எப்படித் தப்பியது என்று கேட்டவர்களுக்குச் சுதாஜினி வேப்பெண்ணெயின் மகிமையை விளக்கினாள். பத்மாசனிக்கு மட்டும் சாடையான யோசினை.

"ஊரெல்லாம் அடிக்குது சுதா. கிணத்திலை ஊறாதே? கொஞ்ச நாளைக்குக் கோயில் கிணத்திலை அள்ளுவமோ எண்டு பாக்கிறன்."

சுதாஜினி அவளின் கையைப் பிடித்து விறாந்தைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். "இஞ்சை பாருங்கோ. இதுக்கு மேலை என்ன சாட்சி வேணும்? துள்ளித் திரியுதுகள். பயப்பிடாமல் அள்ளிக் குடியுங்கோ அக்கா."

பத்மாசனி அள்ளிக்கொண்டு போனாள்.

அந்த நாட்களில்தான் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றும் வேலையை ரஜிதன் தன் கையில் எடுத்தான். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு வாளி பழைய தண்ணீரை எடுத்து, ஒரு வாளி புதுத் தண்ணீர் விட வேண்டும். "உனக்கு இடுப்பு நோ. வாளி தூக்காதை. நான் பாக்கிறன்" என்றான். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகவும் தொடங்கியிருந்தான். விபூதி பூசிக்கொண்டு, மோட்டார்சைக்கிளில் நீலப் பிளாஸ்டிக் கானும் தொங்க வந்து, அவள் அடுப்படியில் நிற்கிற நேரம் தொட்டிக்குத் தண்ணீரை விட்டு முடித்துவிடுவான். கோயில் பக்கம் தலை வைத்துப் படுக்காத மனிதன் தனக்காகத்தான் நேர்ந்து போகிறான் என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்பில் அவளுக்குக் கண் கலங்கியதும் உண்டு.

தை மாதக் கடைசியில், தர்மபுரத்தில் அவனுடைய மாமா ஒருவர் செத்துப்போனார். ரஜிதன் செத்தவீட்டுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். வெள்ளிக்கிழமை வந்தது. தொட்டியில் தண்ணீர் வற்றிக் கண்ணாடியில் கோடு தெரிந்தது. வரும்வரை இருக்கட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் களைத்து வருகிற மனிதனுக்கு ஏன் இந்த வேலையும் என்று நினைத்து, புளி போட்டுக் கை கழுவி, கிணற்றில் ஒரு வாளி அள்ளி, முதல் நாள் ஊற்றியது போலவே பீங்கானில் பட்டுப்படாமல் ஊற்றினாள்.

சனிக்கிழமை காலை இறால்கள் விசர் பிடித்தது போலக் கண்ணாடியில் மோதி மோதி ஓடின. பிறகு ஒவ்வொன்றாகச் சரிந்து கிடந்து காலை உதைத்தன. மத்தியானத்துக்குள் குஞ்சுகளும் முடிந்தன. சிவப்பெல்லாம் மங்கிய மருதாணி போல வெளுத்துப்போய் மணலில் கிடந்தது.

அழுதுகொண்டுதான் முன்ஸிருக்குப் போன் எடுத்தாள்.

"சவர்க்காரம் பட்ட கையா அக்கா?"

"இல்லைத் தம்பி, சத்தியமாப் புளிதான்."

"நுளம்புக்கு ஏதும் அடிச்சீங்களா? புது வாளியா?"

"அதே வாளி. அதே கிணறு. ஒவ்வொரு கிழமையும் விடுற தண்ணிதானே."

"அதே தண்ணியெண்டா சாகாதே அக்கா" என்றான் அவன். அவனுக்கும் விளங்கவில்லை. "வேற ஆள் யாராச்சும் கை வைச்சாங்களா?"

அவள்தானே கை வைத்தாள். கைக்குட்டையிலிருந்து வளையல்வரை எல்லாவற்றையும் மணந்து பார்த்தாள். காலையில் தடவிய நோவெண்ணெயாக இருக்குமோ? தலையில் வைத்த எண்ணெயாக இருக்குமோ? தன் ராசிதான் அது என்றும் நினைத்தாள். தொண்டை வறள வறள, இடையிடையே போய்க் கிணற்றுத் தண்ணீரை வார்த்துக் குடித்தாள்.

பின்னேரம் ரஜிதன் வந்து இறங்கினான். செத்தவீட்டால் வந்தவன் குளிக்காமல் உள்ளே வரக்கூடாது என்று முற்றத்திலேயே நின்றான். அவள் அழுத முகத்தைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் விறாந்தை மூலையில் தொட்டி தெரிந்தது. அவன் வாயிலிருந்து வந்த முதல் கதை இதுதான்.

"கிணத்துத் தண்ணியே விட்டனீ?"

"ஓம்" என்றாள் அவள். பிறகுதான் அவளுக்கு அந்தக் கேள்வி உறைத்தது. "வேறை எந்தத் தண்ணியை விடுறது?"

அவன் மோட்டார்சைக்கிள் திறப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றான்.

"உங்களைத்தான் கேக்கிறன். வேறை எந்தத் தண்ணியை விடுறது?"

"சுதா, நான் குளிச்சுப்போட்டு வாறன்…"

"குளிக்க வேண்டாம். அந்தக் கிணத்திலையே குளிக்கப் போறியள்? நில்லுங்கோ. நீங்கள் கிழமைக் கிழமை எந்தத் தண்ணி விட்டனீங்கள்?"

சுற்றிக்கொண்டிருந்த திறப்பைக் கைக்குள் பொத்திக்கொண்டு சொன்னான். "கோயில் கிணத்துத் தண்ணி. கானிலை கொண்டந்தனான்."

அவள் விறாந்தைப் படியில் அப்படியே இருந்துவிட்டாள். வெள்ளிக்கிழமைகள் எல்லாம் ஒன்றாக வந்து அவள் மேல் விழுந்தன. விபூதியும் அவனும் அந்த நீலக் கானும்.

"மருந்து அடிச்சனீங்கள்."

"ரண்டு தரம்தான். அறக்கொட்டி இறங்கீற்றுது சுதா. வேப்பெண்ணெய்க்கு அது அசையுதே? விட்டிருந்தால் ஒரு நெல்லு மிஞ்சியிராது."

"எரிஞ்சு போயிருக்கலாம். என்னட்டைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நானே, அடியுங்கோ, நாங்கள் கோயில் கிணத்திலை அள்ளுவம் எண்டு சொல்லியிருப்பன். நடந்து போற தூரம்."

"உனக்குச் சத்தியம் பண்ணினனான் எல்லே. எந்த மூஞ்சையோடை சொல்லுறது? இறாலைப் பாத்துப் பாத்து நீ நிம்மதியா இருந்தனீ. கால் வீக்கமும் வத்திச்சுது. அதைக் கெடுக்க மனம் வரேல்லை."

"அப்ப இறாலுக்கு நல்ல தண்ணி கொண்டந்தியள். எனக்கு ஒரு கான் கொண்டந்தால் என்ன?"

"உனக்குக் கொண்டந்தால் ஏனெண்டு கேப்பாய்."

அதைச் சொன்ன பிறகு அவனுக்கே தான் சொன்னது கேட்டிருக்க வேண்டும். முகம் கறுத்துப்போனது. அவசரமாகச் சொன்னான், "நானும்தானே குடிச்சனான் சுதா. ஒரு நாளும் நான் வேறை தண்ணி குடிக்கேல்லை. நீ குடிச்சதைத்தான் நானும் குடிச்சனான்."

அது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு முன்னால் இருந்துதான் குடித்தான். அதுதான் இன்னும் எரிந்தது.

"நீங்கள் தெரிஞ்சு குடிச்சனீங்கள். நான் தெரியாமல் குடிச்சனான்."

அப்போதுதான் படலை திறந்தது. பத்மாசனி குடத்தோடு வந்தாள். செத்தவீட்டுக் களையில் நிற்கிற ரஜிதனையும் படியில் இருக்கிற சுதாஜினியையும் பார்த்துவிட்டு, மரியாதைக்குக் குரலைத் தாழ்த்தினாள்.

"மாமாவின்ரை அலுவல் எல்லாம் முடிஞ்சுதோ தம்பி? நான் ஒரு குடம் அள்ளிக்கொண்டு ஓடிப்போடுறன்."

ரஜிதன் சுதாஜினியைப் பார்த்தான். கண்ணாலேயே கெஞ்சினான். அவள் அசையவில்லை, சொல்லட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பத்மாசனியின் பக்கம் திரும்பினான்.

"அக்கா, இண்டைக்கு அள்ளாதேங்கோ. கிணறு இறைக்கப் போறன். ஒரு கிழமைக்குக் கோயிலடியிலை அள்ளினால் நல்லம்."

"அதுக்கென்ன, கலங்கலுக்கு முதல் சொன்னீரே, அது போதும்." பத்மாசனி திரும்பினாள். போகிற போக்கில், "உன்ரை மனுசன் எல்லாத்தையும் பாத்துப் பாத்துச் செய்யிறார் சுதா. குடுத்து வைச்சனீ" என்றாள்.

சுதாஜினி எழும்பினாள்.

"அக்கா, நில்லுங்கோ. இறைக்கிற கதை பொய். கிணத்தடித் துண்டுக்கு இவர் மருந்து அடிச்சவர். இறாலெல்லாம் செத்துப்போச்சு. இவ்வளவு நாளும் இவர் அதுக்குக் கோயில் தண்ணியை விட்டவர். நான் உங்களைக் கையிலை பிடிச்சுக் கொண்டந்து காட்டினனே, அது பொய்ச் சாட்சி அக்கா. எனக்குத் தெரியாது."

பத்மாசனி குடத்தைக் கீழே வைத்தாள். சத்தம் போடுவாள் என்று இரண்டு பேரும் நினைத்தார்கள். அவள் சத்தம் போடவில்லை. ரஜிதனைப் பார்த்து ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

"பொங்கலுக்கு முதலோ பிறகோ?"

அவன் நிலத்தைப் பார்த்தான்.

"முதல்."

"பொங்கல் அண்டு விடிய நீர்தான் தம்பி எனக்குக் குடம் தூக்கி விட்டனீர். கோலத்துக்குப் பக்கத்திலை கொண்டந்து வைச்சுப்போட்டு, நல்லாப் பொங்கட்டும் அக்கா எண்டு சொல்லிப்போட்டுப் போனனீர்." அவளின் குரல் அங்கே உடைந்தது. "சூரியனுக்குப் படைச்சுப்போட்டுப் பிள்ளையளுக்குக் குடுத்தனான்."

வெறும் குடத்தை எடுத்துக்கொண்டு படலையைத் தாண்டினாள். சுதாஜினி குசினிக்குள் போனாள். தன் குடத்தில் கிடந்த தண்ணீரை வாழையடியில் கவிழ்த்து ஊற்றினாள். பிறகு வாழைக்குத்தான் என்ன பாவம் என்று தோன்றியதோ என்னவோ, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெறும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பத்மாசனிக்குப் பின்னால் நடந்தாள்.

ரஜிதன் படலைவரை ஓடி வந்தான்.

"சுதா, இடுப்பு நோவோடை நீ தூக்காதை. நான் மோட்டார்சைக்கிளிலை கொண்டந்து தாறன்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"நீங்கள் கொண்டந்தது போதும்."